பத்து நிமிடத்தில் தொடங்குவோம்

படியில் மூச்சு வாங்குகிறதா?

தெற்கு தில்லியில் முனிர்கா இருக்கிறது. அது ஒரு பழைய கிராமம். இன்று அதைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. குறுகிய சந்துகள். ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். செங்குத்தான படிகள். மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு குடும்பம்.

பக்கத்தில் ஆர்.கே.புரம். அங்கே ஒரு சிறு குன்று. குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில். 1973-ஆம் ஆண்டு அதற்குக் குடமுழுக்கு நடந்தது. அதை மலை மந்திர் என்று சொல்கிறோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் தில்லித் தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள்.

அந்தப் படிகளில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். சிலர் பேசிக்கொண்டே ஏறுவார்கள். சிலர் பாதியில் நிற்பார்கள். இடுப்பில் கை வைப்பார்கள். மேல் மூச்சு, கீழ் மூச்சு வாங்குவார்கள். "வயசாயிடுச்சு" என்பார்கள். வயதைக் கேட்டால் முப்பத்தெட்டு, நாற்பது என்று சொல்வார்கள்.

நாற்பது வயதில் வரும் இந்த மூச்சுக்கு வயது மட்டும் காரணமா? பல பேருக்கு வேறு காரணம் உண்டு. உடலுக்கு அசைவு போதவில்லை. காவலாளி நாள் முழுதும் நாற்காலியில் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு எழுவதில்லை. தையல் வேலை செய்கிறவர் குனிந்தபடியே இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் டி.வி. அல்லது போன். இப்படிப் பத்து ஆண்டு போனால் உடல் தளர்ந்துவிடும்.

தளர்ந்த உடலை மீண்டும் தேற்ற முடியும். அதற்குப் பணம் வேண்டாம். ஜிம் வேண்டாம். முதலில் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படித் தொடங்குவது? எப்படி விடாமல் தொடர்வது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

டிரைவரும் கண்டக்டரும்

லண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்து பஸ்ஸை ஓட்டினார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறினார், இறங்கினார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படிகள்.

ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஆராய்ந்தார். 1953-ஆம் ஆண்டு தன் முடிவை வெளியிட்டார். டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். கண்டக்டர்களுக்குக் குறைவு. இருவருக்கும் ஒரே பஸ்தான். ஒருவர் உட்கார்ந்தார். ஒருவர் படி ஏறினார். உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் இதன் மூலம் கவனித்தது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் இதயம் ஒரு தசை. நாம் வேகமாக நடக்கும்போது அதற்கும் வேலை கிடைக்கிறது. பழகப் பழக அது பலம் பெறுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. அதனால் படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைகிறது.

காலிலும் தொடையிலும் பெரிய தசைகள் உள்ளன. நடக்கும்போது அவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன. நடப்பது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு இதைச் சொன்னது. மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நோயின் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் இன்னும் நோய் ஆகவில்லை.

வாசலில் நிற்பவர் திரும்பி வர முடியுமா?

சென்னையில் கிடைத்த பதில்

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு வழக்கமான அறிவுரை மட்டும் கிடைத்தது. வேறு சிலருக்கு நடக்கவும் உணவை மாற்றவும் சொல்லிக் கொடுத்தார்கள். உட்கார்ந்தே இருப்பவர்கள் தினமும் 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்றார்கள். மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது.

முதல் குழுவில் 100 பேருக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். நடந்து, உணவை மாற்றிய குழுவில் 100 பேருக்கு 39 பேர்தான் ஆனார்கள். அதாவது 100 பேருக்கு 16 பேர் தப்பினார்கள்.

இந்தக் கணக்கைப் பணமாக நினைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் வந்தால் தினமும் மாத்திரை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க ஒரு நாள் லீவு. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. காலில் புண் வந்தால் இன்னும் துன்பம். நாள்கூலிக் குடும்பத்துக்கு உடல்தான் முதல். அந்த முதலைக் காப்பாற்ற வேண்டும்.

"நாள் பூரா வேலைதானே செய்யறேன்?"

படிப்பு வகுப்பில் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நான்கு வீட்டில் வேலை செய்யும் ஓர் அக்காவும் வகுப்பு நடத்தும் பெண்ணும் இப்படிப் பேசிக்கொள்வார்கள்.

அக்கா: ஏன் கண்ணு, நாலு வீட்டுல ஜாடு போடறேன், போச்சா போடறேன். பாத்திரம் தேய்க்கிறேன். இதுக்கு மேல எனக்கு என்ன எக்சர்சைஸ்?

பெண்: சரியாத்தான் கேட்டீங்க அக்கா. நீங்க செய்யறதும் உடல் உழைப்புதான். அதுக்கும் கணக்கு உண்டு. வேலைக்கு நடந்து போறீங்களா?

அக்கா: முன்னே நடந்துதான் போனேன். இப்ப முட்டி வலிக்குதுன்னு ஷேர் ஆட்டோ.

பெண்: அங்கேதான் அக்கா விஷயம். நடை போயிடுச்சு. மிச்ச வேலை எல்லாம் குனிஞ்சு செய்யறது, நின்னு செய்யறது. இடுப்பும் தோளும் களைச்சுப் போகுது. ஆனா மூச்சு வேகமா வர்ற மாதிரி தொடர்ந்து பத்து நிமிஷம் நடக்கறீங்களா?

அக்கா: இல்லையே.

பெண்: போகும்போது ஆட்டோ வேணாம். அந்த நேரம் உடம்பு களைப்பு இல்லாம இருக்கும். பத்து நிமிஷம் நடங்க. திரும்பி வரும்போது முடியலைன்னா ஆட்டோவுல வாங்க.

அக்கா: அப்ப தனியா நேரம் ஒதுக்க வேணாமா?

பெண்: வேணாம் அக்கா. ஏற்கெனவே போற வழிதானே?

சென்னை ஆய்விலும் இதைப் போலவே செய்தார்கள். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், கடின உழைப்பாளிகள் தங்கள் வழக்கத்தைத் தொடர்ந்தால் போதும் என்றார்கள். செங்கல் சுமப்பவருக்கு நாம் நடைப் பயிற்சி சொல்ல வேண்டாம். அவருக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும்.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் உடலை அறிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் அரசு மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண்களைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்.

இவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்:

- இதய நோய் உள்ளவர்கள்
- நடந்தால் நெஞ்சு வலி வருபவர்கள்
- மயக்கம் வருபவர்கள்
- ரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ளவர்கள்
- சர்க்கரைக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள்
- கர்ப்பிணிகள்

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கையில் மிட்டாய் அல்லது கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ உடனே சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

செருப்பு முக்கியம். தேய்ந்த ஹவாய் செருப்பு வழுக்கும். பின்னால் பட்டை உள்ள செருப்பு நல்லது. கான்வாஸ் ஷூ இன்னும் நல்லது. விலை உயர்ந்த ஷூ தேவையில்லை. சேலை கட்டுபவர்கள் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொண்டால் கால் தடுக்காது.

எவ்வளவு நடப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ஓர் அளவு சொன்னது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும். ஒரு நாளுக்கு 30 நிமிடம். வாரத்துக்கு 5 நாள். கணக்குச் சரியா?

30 × 5 = 150

இன்னொன்றும் அந்த நிறுவனம் சொன்னது. 150 முடியாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் செய்தாலும் உடலுக்கு நன்மை உண்டு.

"பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாமே?" என்று சிலர் கேட்பார்கள். அந்த எண் ஜப்பானில் பிறந்தது. 1965-ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் அடிகளை எண்ணும் கருவியை விற்றது. அதற்குப் பத்தாயிரம் அடிக் கருவி என்று பொருள் தரும் பெயரை வைத்தது. சொல்ல எளிதாக இருந்ததால் எண் பரவியது. அந்த எண்ணைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். புதியவருக்கு ஏற்ற திட்டம் இது:

1, 2-ஆம் வாரம்: ஒரு நாளுக்கு 10 நிமிடம்
3, 4-ஆம் வாரம்: ஒரு நாளுக்கு 15 நிமிடம்
5, 6-ஆம் வாரம்: ஒரு நாளுக்கு 20 நிமிடம்
7, 8-ஆம் வாரம்: ஒரு நாளுக்கு 25 நிமிடம்
9-ஆம் வாரம் முதல்: ஒரு நாளுக்கு 30 நிமிடம்

வாரத்தில் 5 நாள் நடந்தால் போதும். 2 நாள் ஓய்வு. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு முறை நடங்கள். அவசரம் இல்லை. 30 நிமிடத்தை இரண்டாகவும் பிரிக்கலாம். காலையில் 15, மாலையில் 15.

எவ்வளவு வேகம்? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

முதல் இரண்டு நிமிடம் மெதுவாக நடங்கள். கடைசி இரண்டு நிமிடமும் மெதுவாக நடங்கள். திடீரென்று தொடங்காதீர்கள். திடீரென்று நிற்காதீர்கள்.

வீட்டுக்குள் மூன்று பயிற்சிகள்

நடை இதயத்துக்கு. தசைக்கும் பயிற்சி வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். ஓர் அறை வீட்டிலும் இதற்கு இடம் இருக்கும்.

1. உட்கார்ந்து எழுதல். ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக மீண்டும் உட்காருங்கள். 5 முறை செய்யுங்கள். கை ஊன்றாமல் முடியவில்லையா? முதலில் ஊன்றியே எழுங்கள். இந்தப் பயிற்சி தொடைக்கு வலு தரும். தொடை வலுப்பட்டால் முட்டிக்குச் சுமை குறையும்.

2. சுவரைத் தள்ளுதல். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். இரண்டு உள்ளங்கையையும் தோள் உயரத்தில் சுவரில் வையுங்கள். முழங்கையை மடக்கி மார்பைச் சுவர் பக்கம் கொண்டு போங்கள். பிறகு தள்ளி நிமிருங்கள். 5 முறை.

3. குதிகால் உயர்த்துதல். கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகாலை உயர்த்தி விரல்களில் நில்லுங்கள். மெல்ல இறக்குங்கள். 10 முறை. குக்கர் விசில் வரும் வரை காத்திருக்கும் நேரத்திலும் இதைச் செய்யலாம்.

வாரம் போகப் போக ஒன்று, இரண்டு கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள். "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணினால் மூச்சு அடங்காது.

புதிதாகச் செய்தால் மறுநாள் தசை வலிக்கும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். முட்டியில் வீக்கம் வந்தாலோ, குத்தும் வலி வந்தாலோ நிறுத்துங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

- நெஞ்சில் வலி, இறுக்கம், பாரம்
- இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி
- தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை
- நின்ற பிறகும் அடங்காத மூச்சு

இவை வந்தால் உட்காருங்கள். பக்கத்தில் உள்ளவரைக் கூப்பிடுங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். "வாயுத் தொல்லைதான்" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

எங்கே நடப்பது? எப்போது நடப்பது?

முனிர்கா சந்துகளில் பைக் வரும். தலைக்கு மேல் ஒயர் தொங்கும். அங்கே வேகமாக நடப்பது கடினம். பக்கத்தில் பூங்கா இருந்தால் அங்கே போங்கள். பல பூங்காக்களில் நடைபாதை உள்ளது. ஹௌஸ் காஸ் பக்கம் டீர் பார்க் இருக்கிறது. விடுமுறை நாளில் குழந்தைகளோடு போகலாம். மற்ற நாளில் வேலைக்குப் போகும் வழியே போதும். முனிர்காவுக்கு 2018-ஆம் ஆண்டு மெட்ரோ வந்தது. ஸ்டேஷனில் நகரும் படியை விட்டுச் சாதாரணப் படியில் ஏறலாம். அதுவும் பயிற்சிதான்.

தில்லியில் நம்மைத் தடுக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில். மற்றொன்று புகை.

மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகும். அப்போது விடியும் நேரத்தில் நடங்கள். போகும் முன்னும் வந்த பின்னும் தண்ணீர் குடியுங்கள். பகல் வெயிலில் பயிற்சி வேண்டாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று கெட்டுவிடும். காற்றின் தரத்தை ஓர் எண்ணால் சொல்கிறார்கள். அதை ஏ.க்யூ.ஐ. என்பார்கள். ஆர்.கே.புரத்திலேயே காற்றை அளக்கும் நிலையம் உண்டு. செய்தித்தாளிலும் டி.வி.யிலும் போனிலும் அந்த எண் வரும். இப்போது உங்களுக்கு எண் படிக்கத் தெரியும். இப்படிப் பாருங்கள்:

0 முதல் 100 வரை: தாராளமாக நடக்கலாம்.
101 முதல் 200 வரை: நடக்கலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கவனம்.
201 முதல் 300 வரை: குறைவாக, மெதுவாக நடங்கள்.
300-க்கு மேல்: வெளியே பயிற்சி வேண்டாம். வீட்டுக்குள் மூன்று பயிற்சிகளைச் செய்யுங்கள்.

குளிர்காலத்தில் அதிகாலையில் புகை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறியதும் கொஞ்சம் விலகும். அதனால் குளிர்காலத்தில் பிற்பகலில் நடப்பது மேல். காலை நடைதான் நல்லது என்று கட்டாயம் இல்லை. உங்களுக்கு முடிந்த நேரமே நல்ல நேரம்.

ஏன் பாதியில் விடுகிறோம்?

தொடங்குவது எளிது. புத்தாண்டு அன்று பலர் தொடங்குவார்கள். பொங்கலுக்குள் விட்டுவிடுவார்கள். ஏன்?

முதல் காரணம், முதல் நாளே அதிகம் செய்வது. முதல் நாள் ஒரு மணி நேரம் நடந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. நீங்கள் எழுத்துப் படித்ததை நினைத்துப் பாருங்கள். முதல் நாளே கடிதம் எழுதினீர்களா? ட, ப, ம என்று தொடங்கினீர்கள். கோடு கோணலாக வந்தது. விரல் வலித்தது. ஒரு நாளுக்கு இரண்டு எழுத்து. அப்படியே வந்து இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உடலுக்கும் அதே வழிதான்.

இரண்டாம் காரணம், வெட்கம். "இந்த வயசில் கையை வீசிக்கிட்டு நடக்கிறாளே" என்று யாராவது சிரிப்பார்களோ என்ற பயம்.

இதற்குப் புதுக்கோட்டைப் பெண்கள் பதில் சொல்வார்கள். 1991-ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் உழைத்த பெண்கள், ஆசிரியைகள், செவிலியர் என்று பல்லாயிரம் பேர் கற்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் தனியாக ஓட்டினால் கேலி பேசலாம். ஊரே ஓட்டினால் யார் பேசுவது? பெண்கள் சேர்ந்து கற்றார்கள். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி பின்னால் பிடித்தாள். பிறகு தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும், சந்தைக்குப் போகவும் சைக்கிள் உதவியது. பயன் தெரிந்ததால் பழக்கம் நின்றது.

நாமும் துணை தேடுவோம். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். கணவன் மனைவி சேர்ந்து நடக்கலாம். இருட்டு நேரத்தில் பெண்களுக்குத் துணை பாதுகாப்பும்கூட. இன்னொரு நன்மையும் உண்டு. உங்களுக்குச் சோம்பலாக இருக்கும் நாளில் அவர் கதவைத் தட்டுவார். அவருக்குச் சோம்பலாக இருக்கும் நாளில் நீங்கள் தட்டுவீர்கள்.

மூன்றாம் காரணம், எடை குறையவில்லை என்ற ஏமாற்றம். நடப்பதால் மட்டும் எடை சீக்கிரம் குறையாது. எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரை போட்ட டீயும் குறைய வேண்டும். எடை குறையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது. இவற்றைக் கவனியுங்கள். மாடிப் படியில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது? இரவில் தூக்கம் எப்படி? சர்க்கரை எண் என்ன? இவை மாறும்.

நான்காம் காரணம், இடையில் விட்டுப் போவது. காய்ச்சல் வரும். வீட்டுக்கு விருந்தாளி வருவார். கோடை விடுமுறைக்கு இரண்டு இரவு ரயிலில் ஊருக்குப் போவோம். ஒரு மாதம் நடை நின்றுவிடும். "எல்லாம் போச்சு" என்று நினைக்க வேண்டாம். திரும்பி வந்ததும் பத்து நிமிடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இந்த முறை சீக்கிரம் ஏறிவிடுவீர்கள். ஒரு நாள் விட்டால் குற்றம் இல்லை. அடுத்த நாள் செருப்பை மாட்டினால் போதும்.

மூன்று பழக்க வழிகள்

ஒன்று: ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு நடையைக் கட்டுங்கள். "பால் வாங்கப் போகும்போது." "பிள்ளையைப் பள்ளியில் விட்டதும்." நேரத்தை மறப்போம். வேலையை மறக்க மாட்டோம்.

இரண்டு: செருப்பு, துப்பட்டா, சாவி மூன்றையும் முதல் நாள் இரவே கதவு அருகில் வையுங்கள்.

மூன்று: சுவரில் உள்ள தேதிக் காலண்டரில் பென்சில் கட்டித் தொங்க விடுங்கள். நடந்த நாளில் நீங்களே நிமிடத்தை எழுதுங்கள். 10, 10, 10, 15 என்று எண்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தால் நாளைக்கு விட மனம் வராது.

படித்ததை நினைத்துப் பார்ப்போம்

1. லண்டனில் யாருக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது? ஏன்?
2. நடக்கும் வேகம் சரியா என்று எப்படி அறியலாம்?
3. காற்றின் எண் 320 என்றால் என்ன செய்வீர்கள்?
4. புதுக்கோட்டைப் பெண்கள் கேலியை எப்படி வென்றார்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புக

1. முதல் வாரம் ஒரு நாளுக்கு ______ நிமிடம் நடக்க வேண்டும்.
2. 25 நிமிடம் × 5 நாள் = ______ நிமிடம்.
3. நெஞ்சு வலி வந்தால் ______ என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சொல்லும் பொருளும்

தசை – உடலை அசைக்கும் சதை
குடமுழுக்கு – கும்பாபிஷேகம்
செங்குத்து – சாய்வு இல்லாமல் நேர் மேலே
முதல் – தொழிலில் போடும் பணம்

எழுதிப் பாருங்கள்

நான் நடக்கும் நேரம்: ______________
நான் நடக்கும் வழி: ______________
என்னோடு நடப்பவர்: ______________
நான் தொடங்கும் தேதி: ______________

கடைசி வரியில் இன்றைய தேதியை எழுதுங்கள்.